திருநாள் வாணிகமும் தன்வலி அறிதலும்

ஊரார் மகிழ்ந்திருக்கப் போகும் ஒரு நாளுக்காக, ஊர் உறங்கும் வேளையிலும் விழித்திருந்து உழைப்போர் சிலர் உளர். தையற்காரர், பலகாரம் செய்து விற்போர், பூக்கட்டுவோர், மளிகைக் கடை நடத்துவோர் ஆகியோரே அவர்கள். தீபாவளி ஏனையோர்க்கு ஒரு நாள். அவர்களுக்கோ ஒன்றரைத் திங்கள் உழைப்பு. அவ்வுழைப்பின் முடிவில் வரும் திருநாளை அவர்கள் எவ்வாறு கழிக்கின்றனர் என்பதை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

சிலாங்கூரின் வடபகுதியில், ரவாங்கிற்கும் பத்தாங் காலிக்கும் இடையே, இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த ஊர் செரண்டா. ஈயச் சுரங்கங்களும் ரப்பர்த் தோட்டங்களும் வளர்த்த ஊர் அது. சுற்றிலுமிருந்த தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கு, இத்தகைய சிறு நகரங்களின் கடைத்தெருவே உலகமாக விளங்கிற்று. ஐந்தடியில் தையற்பொறியை இட்டு அமர்ந்திருந்தவரிடம் தாத்தாவும் சட்டைத் துணி கொடுத்தார், பேரனும் கொடுத்தான். மளிகைக் கடைக்காரர் 555 என்று அச்சிட்ட சிறிய புத்தகத்தில் கடனை எழுதிக்கொண்டு அரிசியையும் மாவையும் அளந்து கொடுத்தார். விற்பவரும் வாங்குபவரும் அண்ணன் தம்பியாகவும் அக்காள் தங்கையாகவும் பழகிய வாணிகம் அது.

இந்த உறவே அவ்வாணிகத்தின் பலம். திருநாள் நெருங்கும்போது அதுவே அதன் பாரமும் ஆகிறது. தோட்டத்தில் சம்பளம் கைக்கு வந்த பின்னரே துணி எடுக்க இயலும். ஆகவே வேலை எப்போதும் கடைசி நேரத்திலேயே குவிந்தது. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பின்னரும் இந்த வழக்கம் மாறவில்லை. “அண்ணே, பிள்ளைக்கு ஒரே ஒரு சட்டைதான், நீங்கள் தைக்காமல் வேறு யார் தைப்பார்கள்?” என்று கேட்பவரிடம் முடியாது என்று சொல்ல நா எழுவதில்லை. அச்சமும் ஒரு காரணமே. 2017ஆம் ஆண்டில் ரவாங் மாற்றுச்சாலை திறக்கப்பட்ட பின்னர், செரண்டாவிலிருந்து ரவாங்கிற்கும் தலைநகருக்கும் செல்வது எளிதாயிற்று. மஸ்ஜித் இந்தியா சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் ஆயத்த ஆடைகள் குவிந்து கிடக்கின்றன. இன்று மறுத்தால் வாடிக்கையாளர் என்றென்றைக்கும் போய்விடுவாரோ என்று சிறு கடைக்காரர் கலங்குகிறார். கலங்கியவாறே துணியை வாங்கி வைக்கிறார்.

இதன் விளைவைச் சிறு கணக்கொன்றால் அறியலாம். ஒரு ரவிக்கை தைக்க இரண்டு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் உழைப்பவர் ஐந்து ரவிக்கைகள் தைப்பார். இருபது நாள்களில் நூறு தைப்பார். அவர் நூற்றைம்பது ஏற்றுக்கொண்டால், எஞ்சிய ஐம்பதுக்கு நூறு மணி நேரம் வேண்டும். நாள்தோறும் ஐந்து மணி நேரத்தை உறக்கத்திலிருந்தும் உணவு வேளையிலிருந்தும் பிடுங்கியாக வேண்டும். பதினைந்தாவது மணி நேரத்துக் கை முதல் மணி நேரத்துக் கை ஆகாது. அளவு தவறும், கைக்குழி இறுகும், தைத்ததைப் பிரித்து மீண்டும் தைக்க நேரிடும். கூடுதலாக ஈட்டியதாக எண்ணிய பொழுது இவ்வாறு கரைந்துபோகும்.

உடல் களைப்பு ஓரிரவு உறக்கத்தால் தீரும். அதனினும் ஆழமான ஒரு சோர்வு உண்டு. எண்ணெய் தீர்ந்த விளக்கில் திரியே எரிந்து கருகுவதைப் போன்றது அது. ஓய்வின்றித் தொண்டாற்றுவோரிடம் இந்நிலையைக் கண்ட நியூயார்க் உளவியலறிஞர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர், 1974ஆம் ஆண்டில் அதைப் பற்றி எழுதினார். உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் இதற்கு மூன்று அடையாளங்கள் கூறிற்று: ஆற்றல் வற்றிப்போதல், செய்யும் தொழிலின்மீது வெறுப்போ விலகலோ தோன்றுதல், செயல்திறன் குன்றுதல். இதை ஒரு நோய் என்று அந்நிறுவனம் கூறவில்லை. தீராத பணி நெருக்கடியால் விளையும் நிலை என்றே வகுத்தது. விரும்பிக் கற்ற தொழிலை வெறுக்கத் தொடங்குவதே இம்மூன்றிலும் கொடியது எனலாம். வாடிக்கையாளர் படியேறும்போதே எரிச்சல் பிறக்குமாயின், அது குணக்கேடு அன்று. ஆற்றல் தீர்ந்ததன் அறிகுறி.

உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் இணைந்து 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, வாரத்தில் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்போர்க்குப் பக்கவாதம் நேரும் அபாயம், 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிட 35 விழுக்காடு மிகுதி என்று காட்டிற்று. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தொழிலாளிக்கு வார ஓய்வு நாளை உறுதி செய்கிறது. 2023 முதல் வார வேலை நேரத்தை 45 மணியாகவும் குறைத்துள்ளது. ஆயின் கடையின் உரிமையாளர்க்கு இவ்வரம்புகள் இல்லை. சுயதொழில் செய்வோர்க்கான 2017ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் தொழிலில் நேரும் விபத்துக்கு உதவுமேயன்றி, உறங்கச் செல் என்று ஆணையிடாது. தம்மிடம் பணிபுரியும் பெண்ணை ஆறு மணிக்கு வீட்டுக்கு அனுப்பும் உரிமையாளர், தம்மை அனுப்ப ஒருவரும் இல்லாமையால் நள்ளிரவிலும் பொறியை மிதித்துக்கொண்டிருக்கிறார். எனவே, தமக்குரிய வரம்பைத் தாமே வகுத்துக்கொள்ளுதல் அவர் கடமையாகிறது.

இதற்கு வழிகாட்டிகள் அண்டை வீட்டிலேயே உளர். நோன்பு மாதம் பிறக்கும் முன்னரே, இனித் துணி ஏற்பதில்லை என்று அறிவித்துவிடும் மலாய்த் தையற்காரர் பலர். அதனால் அவர்களின் வாடிக்கை அழிந்துவிடவில்லை. வாடிக்கையாளர்களே முன்கூட்டி வரக் கற்றுக்கொண்டனர். சீனப் புத்தாண்டின்போது சீன வணிகர் பலர் கடையைச் சில நாள்கள் அடைத்துவிட்டு, நல்ல நாள் பார்த்து மீண்டும் திறக்கின்றனர். திருநாளை விற்பவர்க்கும் திருநாள் உண்டு என்பதை அவர்கள் மறப்பதில்லை.

நம் கடைக்காரர்களும் இதைச் செய்யலாம். தீபாவளி ஐப்பசியில் எந்த நாளில் வருகிறது என்பது முன்னரே தெரிந்ததே. அந்நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, தம் கை எத்தனை உருப்படிகளைத் தாங்கும் என்று கணக்கிட்டு, அவ்வெண் நிறைந்தவுடன் ஏற்பதை நிறுத்தலாம். முன்பணம் பெற்றால் வருவோர் முந்தி வருவர். காஜா எடுத்தல், பொத்தான் வைத்தல், புடவைக்கு ஓரம் அடித்தல் போன்றவற்றை அக்கம்பக்கத்துப் பெண்களிடம் கூலிக்குக் கொடுத்தால் அவர்களுக்கும் வருவாய் கிட்டும். பலகாரம் செய்வோர், ஐப்பசி மாதத்துப் பிற்பகல் மழையையும் கணக்கில் கொண்டு, பலவகை செய்து திணறாமல் நன்கு செய்யத் தெரிந்த இரண்டு மூன்றோடு நிறுத்தலாம். வாரத்தில் ஒரு நாள் கதவடைத்தலும், இரவில் ஒரு குறித்த நேரத்தில் விளக்கணைத்தலும் இழப்பாகா.

திருவள்ளுவர் வலியறிதலுக்கென 48ஆவது அதிகாரத்தை அமைத்தார். செயலின் வலிமையையும் தன் வலிமையையும் சீர்தூக்குவதில் தொடங்கும் அவ்வதிகாரம், அளவு நோக்காமல் செய்யும் ஒப்புரவும் கேடாகும் என்ற கருத்தோடு முடிகிறது. ஒப்புரவு நற்பண்பே, அதற்கும் அளவு வேண்டும். இரக்கத்தால் ஏற்றுக்கொண்ட ஐம்பதாவது துணி, முன்னரே கொடுத்துக் காத்திருக்கும் நாற்பத்தொன்பது பேர்க்கும் தீங்காக முடியலாம் என்பதைக் கடைக்காரர் உணர்தல் வேண்டும்.

வாங்குவோர்க்கும் இதில் பங்குண்டு. கடனைத் திருநாளுக்கு முன்னரே தீர்த்தலும், துணியை முன்கூட்டிக் கொடுத்தலும் அண்ணே என்று அழைக்கும் உறவுக்கு அழகாகும். பள்ளியில் ஆசிரியர் இதைக் கணக்காகவே கற்பிக்கலாம். பெற்றோர் சிறு கடை நடத்தும் மாணவர் பலர் நம் வகுப்பறைகளில் உளர். இலாபமும் நட்டமும் கணக்கிடக் கற்கும் அவர்கள், உழைப்பின் நேரத்தையும் உறக்கத்தின் நேரத்தையும் அதே ஏட்டில் எழுதக் கற்பாராயின், நாளை தம் தாய் தந்தையர்க்கு எடுத்துச் சொல்வர்.

ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் புத்தாடை உடுத்தி நிற்கும் விடியலில், அவ்வாடைகளைத் தைத்த தந்தை எண்ணெய்க் குளியலுக்கும் எழ இயலாமல் கிடப்பாரானால், அவர் பிள்ளைக்கு அது என்ன தீபாவளி? பணப்பெட்டி நிறைந்தும் அவ்வீட்டில் ஒரு குறை இருக்கும். அக்குறையை நீக்கப் பெருமுதல் தேவையில்லை. தன் வலிமையின் எல்லையை அறிந்து, உரிய நேரத்தில் “போதும்” என்று சொல்லும் துணிவே தேவை.