காயவைக்காத இலை வடாம்!

ஹனோய் நகரத்தில் காலை நேரத்தில் நடந்து போனால், தெருவோரப் பானைகளிலிருந்து ஆவி பறக்கும். பானையின் வாயில் மேளத்தோல் மாதிரி துணியை விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். நீர்க்கக் கரைத்த அரிசி மாவை அதில் ஒரு கரண்டி விட்டு, கரண்டியின் அடியாலேயே வட்டமாகத் தேய்த்து மூடி வைத்தால், அரை நிமிடத்தில் வெந்துவிடும். மெல்லிய மூங்கில் குச்சியால் அலுங்காமல் எடுத்து, பூரணம் வைத்துச் சுருட்டி, மேலே பொரித்த சின்ன வெங்காயத்தைத் தூவுவார்கள். இதுதான் வியட்நாமின் 'பான் குவோன்'. குவோன் என்றால் சுருட்டுவது.

கணவரின் வேலைக்காக இங்கே வந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. கடைகளில் பூரணம் பெரும்பாலும் பன்றி இறைச்சிதான், தொட்டுக்கொள்வது மீன் சாஸ். சைவமான நான் வேடிக்கை பார்த்ததோடு சரி.

போன வருடம் அப்பா காலமான பிறகு அம்மாவை இங்கே அழைத்து வந்தேன். தட்டில் போட்டதை அளைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். "பசிக்கலைடீ" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. மணிக்கட்டில் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கும் அளவுக்கு இளைத்துவிட்டார்.

எதிர் வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். இங்கே பாட்டியை 'பா' என்று கூப்பிட வேண்டும். (அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதே என்று எனக்கு ஆரம்பத்தில் சிரிப்பு வரும்.) வியட்நாமில் சந்திர மாதத்தின் முதல் நாளும் 15-ம் நாளும் பலர் சைவம்தான் சாப்பிடுவார்கள். முதல் நாள் நம் அமாவாசையை ஒட்டியே வரும். வீட்டில் முன்னோர் படத்துக்குப் பூவும் பழமும் வைத்து ஊதுபத்தி ஏற்றுவார்கள்.

அப்படி ஓர் அமாவாசை மாலையில் பா எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டார். மாடத்தில் அவருடைய கணவரின் படம். அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பா ஒன்றும் பேசாமல் ஓர் ஊதுபத்தியைப் பற்றவைத்து அம்மா கையில் கொடுத்தார்.

பிறகு அடுப்படி. துணியிலிருந்து முதல் தாள் எழும்பியதுமே அம்மா, "ஏய், இது காயவைக்காத இலை வடாம்டீ!" என்றார். அடுத்த நிமிடம் மூங்கில் குச்சி அவர் கையில். "ஓரத்தை விடுவிச்சிட்டா நடு தானா வரும்" என்று பாவுக்கே தமிழில் பாடம் நடந்தது. "வெங்காயம் இல்லையே?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். இங்கே விரத நாள் சமையலில் வெங்காயம், பூண்டைப் பலர் தவிர்ப்பார்கள். பாவும் அப்படித்தான். இரவுப் பலகாரமாக அம்மா நான்கு சுருள் சாப்பிட்டார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

துணி கட்டிய பானை இல்லாதவர்களுக்குத் தவா போதும். அரிசி மாவு 1 கப், மரவள்ளி மாவு அரை கப், தண்ணீர் 3 கப், உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய் சேர்த்துக் கரைத்து அரை மணி நேரம் வைக்கவும். மரவள்ளி மாவுதான் இழுவை கொடுக்கும். அது கிடைக்காவிட்டால் கார்ன்ஃப்ளார் சேர்க்கலாம். வெறும் அரிசி மாவு என்றால் சுருட்டும்போது கிழியும். மாவு அடியில் தங்கிவிடும், ஒவ்வொரு முறையும் கலக்கியே எடுக்க வேண்டும். எண்ணெய் தடவிய நான்ஸ்டிக் தவாவில் ஊற்றிச் சுழற்றி, மூடி, ஒரு நிமிடம் விடவும். நடுவில் குமிழி எழும்பினால் எண்ணெய் தடவிய தட்டில் கவிழ்த்துவிடலாம்.

பூரணத்துக்கு ஊறவைத்த மரக்காளான், கேரட், டோஃபு மூன்றையும் பொடியாக நறுக்கி, மிளகுத்தூள் போட்டு ஈரம் வற்ற வதக்கவும். தொட்டுக்கொள்ள, சோயா சாஸில் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, வெந்நீர், நறுக்கிய மிளகாய். ஆறினால் விறைத்துவிடும், சுடச்சுடச் சாப்பிட வேண்டும். என்னைக் கேட்டால், துணியில் வெந்ததன் மென்மை தவாவில் வராது.

அடுத்த அமாவாசைக்கு எங்கள் வீட்டில் செய்தோம். அம்மா என்னைக் கேட்காமலே மாவில் சீரகமும் பெருங்காயமும் போட்டுவிட்டார். பா ஒரு வாய் சாப்பிட்டார், புருவத்தை உயர்த்தினார், தட்டை மறுபடி நீட்டினார்.