அழிப்பதற்கு முன் ஒரு படம்

“லைட்ட மட்டும் அணைச்சுக் குடுங்கண்ணா, போதும்.”

கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கார் பட்டறை. வெள்ளை ஹேட்ச்பேக்கை ஓட்டிவந்தவருக்கு அவசரம். டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. அது கண்ணில் படாமல் போனால் அவருக்குப் போதும்.

“அழிக்கறது ரெண்டு செகண்ட் வேலைங்க. அதுக்கு நான் எதுக்கு, உங்க பையனே போன்ல பண்ணீருவான்” என்றபடி மூத்த மெக்கானிக் ஸ்டியரிங்குக்கு அடியில் கைவிட்டு, 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார். சாவியைத் திருப்பியதும் திரையில் பி0302 என்ற கோளாறுக் கோடு (code) வந்தது. இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். கோடை அழிக்கும் பட்டன் பக்கத்திலேயே இருக்கிறது. அவர் அதைத் தொடவில்லை. வேறொரு பக்கத்தைத் திறந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

அதுதான் ஃப்ரீஸ் ஃபிரேம். கோளாறு பதிவான நொடியில் இன்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் சுற்றியது, கூலன்ட் எவ்வளவு சூடு, வண்டி என்ன வேகம் என்பதெல்லாம் அதில் இருக்கும். கோடை அழித்தால் இதுவும் கூடவே போய்விடும். “கேஸ் டைரியக் கிழிச்சுப் போட்டுட்டுத் திருடனத் தேடற மாதிரிங்க” என்றார்.

அடுத்து அவர் செய்ததைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன் என்று சொல்லலாம். இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டினார், அங்கிருந்ததை இங்கே. பிளக்கைத் தொடவில்லை. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாதாம். இப்போதுதான் கோடை அழித்தார். திருச்சி ரோட்டில் ஒரு சுற்று. வண்டி லேசாக வெட்டி வெட்டி இழுத்தது. திரும்பி வந்ததும் விளக்கு எரியவில்லை. ஆனால் இன்னும் உறுதியாகாத கோடுகளைக் காட்டும் ஸ்கேனரின் பெண்டிங் பக்கத்தில் பி0303 உட்கார்ந்திருந்தது. காயில் இடம் மாறியது, கோளாறும் கூடவே மாறியது. பிளக், இன்ஜெக்டர், வயர் எல்லாம் தப்பித்தன. புதுக் காயில் ஒன்று போதும்.

எல்லாக் கோடும் இவ்வளவு நேராகப் பேசாது. பி0171 வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். அதைக் கண்டதும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுகிற ஆட்கள் உண்டு. இங்கே ஃபியூல் டிரிம் எண்ணை, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கை, பார்க்கிறார்கள். ஐடிலில் அது எகிறி, ரேஸ் கொடுத்ததும் இறங்கினால் பெரும்பாலும் எங்கோ ஹோஸ் விரிசலில் காற்று உள்ளே போகிறது. வேகத்தில் ஏறினால் பெட்ரோல் பம்பையோ ஃபில்டரையோ சந்தேகிக்க வேண்டும். பல வண்டிகளில் கோடை அழிக்கும்போது, இன்ஜின் கம்ப்யூட்டர் நாள்பட்டுக் கற்றுவைத்த டிரிம் கணக்கும் பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். முதலில் அழித்தவனுக்கு இந்தத் தடயமும் கிடைக்காது.

கோளாறைக் கண்டுபிடித்துக் கோடாகப் பதிந்து விளக்கை எரியவிடும் இந்த ஏற்பாட்டுக்கு ஓபிடி என்று பெயர். இதன் இரண்டாம் கட்டம் அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமானது. புகையைக் கட்டுப்படுத்த வந்தது. இந்தியாவில் அது 2013 ஏப்ரலில் வந்தது. மிஸ்ஃபயரில் எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சூடாக்கிக் கெடுக்கும். விளக்கு எரிவதோடு நில்லாமல் சிமிட்டினால் வண்டியை ஓரங்கட்டிவிடுவது நல்லது.

பழைய கார் விற்கிறவர்கள் சிலர் முந்தின இரவே கோடை அழித்துவிட்டு வருவார்கள். எனக்கு இதில்தான் கோபம். நல்லவேளையாக, அழிக்கும்போது ரெடினஸ் மானிட்டர்களும் சேர்ந்து அழிகின்றன. வண்டி பலவிதமாக ஓடித் தன்னைத்தானே சோதித்து முடிக்கும்வரை அவை ‘நாட் ரெடி’ என்றே காட்டும். பேட்டரி கழற்றி மாட்டினாலும் அப்படிக் காட்டலாம். அதனால் விற்பவரை உடனே திருடன் ஆக்கிவிட வேண்டாம். பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் ஸ்கேனரில் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பல மானிட்டர்கள் நாட் ரெடி என்றால், சில நாள் ஓடிய பிறகு மறுபடி ஸ்கேன் பண்ணாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.