மாத்தளைக் கோச்சியும் ஒரு கொளுக்கியும்

பேரன் கேட்டது மிகச் சிறிய கேள்வி. விறாந்தையில் நீளப் பலகை போட்டு, மாத்தளைப் புகையிரத நிலையத்தின் மாதிரி ஒன்றை இருவரும் செய்துகொண்டிருக்கிறோம். பெட்டிகளை ஒன்றோடொன்று இணைக்க எந்தக் கொளுக்கியைப் போடுவது என்று கேட்டான். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைக்கு எழுதியவனுக்கு, ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை.

கடையில் கிடைக்கும் பிரித்தானிய மாதிரி வண்டிகளில், குறுக்குக் கம்பியும் அதில் மாட்டும் கொக்கியுமாக ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். 1950களில் ட்ரை-ஆங் நிறுவனம் கொண்டுவந்த அமைப்பின் வழித்தோன்றல் அது. தள்ளினால் தானே பூட்டிக்கொள்ளும். குழந்தைகளுக்கு உகந்தது, ஆனால் உலகின் எந்த மெய்யான புகையிரதத்திலும் அப்படியொரு பொருள் கிடையாது.

பேரன் விரும்பியது கேடி. கீத், டேல் என்னும் எட்வர்ட்ஸ் இரட்டையர்கள் தம் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. விரல்களை மடித்த இரு கைகள் ஒன்றையொன்று பற்றுவது போன்ற வடிவம். தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு காந்தத்தைப் பதித்துவிட்டால், கை படாமலே கழன்றுவிடும். அமெரிக்க வண்டிகளுக்கு அதுவே மெய்யானதும்கூட. 1873இல் ஈலை ஜானி காப்புரிமை பெற்ற கொளுக்கியின் சிறிய உரு அது. பெட்டிகளுக்கிடையே நின்று கொளுவிய தொழிலாளர்கள் விரல்களையும் உயிரையும் இழந்துகொண்டிருந்தமையால், 1893இல் அமெரிக்கா தானாகப் பூட்டிக்கொள்ளும் கொளுக்கியைச் சட்டத்தின் மூலம் கட்டாயமாக்கியது.

எங்கள் கோச்சி வேறு. மலையகத்தில் நாங்கள் ரயிலை என்றும் கோச்சி என்றே சொன்னோம். பத்திரிகையில் சேர்ந்த பிறகுதான் புகையிரதம் என்று எழுதப் பழகினேன். இங்கே ஆங்கிலேய மரபு. பெட்டியின் இரு ஓரங்களிலும் வட்டத் தட்டுடைய பஃபர்கள். நடுவே கனத்த கொக்கி. அதில் தொங்கும் திருகுச் சங்கிலி. திருகாணியின் ஒரு பாதியில் மரை இடப்புறமாகவும் மறுபாதியில் வலப்புறமாகவும் வெட்டப்பட்டிருக்கும். ஆகவே கைப்பிடியைச் சுழற்றச் சுழற்ற இரு பெட்டிகளும் நெருங்கி, பஃபர்கள் ஒன்றையொன்று அழுத்தும். பின்பு வாக்கியூம் பிரேக்கின் குழாயைத் தனியே பூட்ட வேண்டும். எப்போதேனும் கொளுக்கி அறுந்தால் அந்தக் குழாயும் கழன்று காற்று உட்புகும். இரண்டு துண்டுகளிலும் பிரேக் தானே விழும். எவ்வளவு எளிய ஏற்பாடு!

மாத்தளைக்கு இது இன்னும் முக்கியம். 1867இல் கண்டியை எட்டிய பாதை 1880இல் மாத்தளைக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது. கடைசி நிலையம் என்பதால், வந்த எஞ்சினைக் கழற்றி, பக்கப் பாதையால் சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையில் கொளுவினால்தான் வண்டி கண்டிக்குத் திரும்பும். அந்தக் காட்சி இல்லாத மாத்தளை நிலையம், மாத்தளை நிலையமே அல்ல. ஒவ்வொரு தடவையும் ஒரு மனிதர் குனிந்து பஃபர்களுக்கிடையே நுழைவார். எஞ்சின் அவரை நோக்கி மெல்ல நகரும். சிறுவர்கள் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த நாள்களில் ஒன்று, 1971இல். அன்று வண்டிக்குள் இருந்தவன், வகுப்பில் என் வாங்கில் பக்கத்தில் இருந்தவன். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மேலும் 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. அவன் குடும்பம் முதல் எண்ணுக்குள் விழுந்தது. தலைமன்னார் சென்று, கப்பலேறி, இராமேஸ்வரம். அந்த வண்டிகளுக்குச் சனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள். பெயரில் மிகையில்லை. மேடையில் நின்ற கிழவிகள் சன்னல் கம்பிகளைப் பற்றியபடி பாடி அழுதார்கள். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஆகவே வண்டியின் முனைக்குப் போய், அந்த மனிதர் திருகைச் சுழற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஃபர்கள் இறுகும்போது ஒரு முனகல் எழும். அது கேட்டது. திரும்பி ஓடி வந்தபோது பெட்டி நகரத் தொடங்கியிருந்தது.

பிற்காலத்தில் இந்த ஒப்பந்தம் பற்றி எத்தனை கட்டுரைகள் எழுதியிருப்பேன்! 5,25,000 என்ற எண்ணை எத்தனை தடவை சரிபார்த்திருப்பேன்! அவனைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை.

ஆகவே திருகுக் கொளுக்கிதான் என்று பேரனிடம் சொன்னேன். காரணத்தில் பாதியை மட்டுமே சொன்னேன். மீதியை அளவுக் கணக்கால் மூடினேன். நம் பாதையின் அகலம் ஐந்தரை அடி. கடையில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். பிரித்தானியர் வழக்கப்படி அடிக்கு 4 மில்லிமீற்றர் என்று பெட்டி செய்தால், நம் அகலப் பாதை நாலடி ஒன்றரை அங்குலமாகச் சுருங்கி, கோச்சி ஒற்றைக் காலில் நிற்பது போலத் தோன்றும். அடிக்கு 3 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், ஐந்தரையை மூன்றால் பெருக்க 16.5 அப்படியே வந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த அளவில் சங்கிலி வளையத்தின் கம்பி அரை மில்லிமீற்றருக்கும் மெல்லியது. பழைய வானொலிச் சுருளின் செப்புக் கம்பியால் முதலில் செய்தோம். சற்றே ஏற்றத்தில் இழுத்ததும் வளையங்கள் வாய் பிளந்தன. இப்போது பித்தளைக் கம்பி, மூட்டில் ஒரு பொட்டு ஈயம். அடுத்த தொல்லை வளைவில் வந்தது. கூர்மையாக வளைத்திருந்த இடத்தில் பஃபர்த் தட்டுகள் ஒன்றின் பின் ஒன்று சிக்கி, பெட்டியைத் தண்டவாளத்திலிருந்து தூக்கி எறிந்தன. பலகையை இரண்டடி நீட்டி வளைவை அகலமாக்கினோம். விறாந்தையில் நடக்க வழியில்லை என்று வீட்டில் முறைப்பாடு.

பேரனுக்காக ஓர் உடன்பாடும் செய்தேன். அவனுடைய சரக்கு வண்டிக்குக் கேடி, காந்தம் எல்லாம் உண்டு. பயணிகள் வண்டியை மட்டும் கையால்தான் கொளுவ வேண்டும். முனை வளைந்த கம்பி ஒன்றையும் சிறிய டோர்ச் விளக்கையும் வைத்துக்கொண்டு, நேற்று மாலை முழுவதும் அவன் முயன்றான். என் விரல்கள் நடுங்குகின்றன, என்னால் முடியாது. மூன்று தடவை வளையம் நழுவியது. நான்காவது தடவை விழுந்தது.

"தாத்தா, இப்ப விடட்டா?" என்று கேட்டான்.

கொஞ்சம் பொறு என்றேன்.