மடியில் ஒரு பை

எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ், விடியற்காலை ஐந்து மணிக்கு முன்னும் பின்னுமாகப் புறக்கோட்டையில் கொண்டுபோய் இறக்கிவிடும். இறங்கியதும் டீசல் புகையும் அழுகிய மரக்கறியும் இஞ்சிப் பிளேன்டீயும் கலந்த ஒரு வாடை முகத்தில் அடிக்கும். கால்கள் வீங்கியிருக்கும். பள்ளிவாசலைத் தேடிப்போய் முகம் கழுவி, சுபஹு தொழுதுவிட்டு வெளியே வந்தால் நகரம் அதற்குள் முழுவதாக விழித்திருக்கும்.

புறக்கோட்டைக்கு மூன்று பெயர்கள் என்பதை நான் அறிந்துகொண்டது ஆசிரியர் கலாசாலையில் படித்த நாட்களில், முதன்முதலாகத் தனியே கொழும்புக்கு வந்தபோதுதான். தமிழில் புறக்கோட்டை, சிங்களத்தில் பிட்டகொட்டுவ, ஆங்கிலத்தில் பெட்டா. 'பிட்டகொட்டுவ, பிட்டகொட்டுவ' என்று கொண்டக்டர்மார் கூவிக்கொண்டிருக்க, நானோ புறக்கோட்டை பஸ் எப்போது வரும் என்று மருதானையில் ஒரு மணித்தியாலம் காத்து நின்றேன். கோட்டைக்குப் புறத்தே இருப்பது என்ற ஒரே கருத்துத்தான் இரண்டு சொற்களிலும் இருக்கிறது என்பதும், பெட்டா என்பது நமது 'பேட்டை'தான் என்பதும் பின்னால் தெரிந்தபோது சிரிப்பு வந்தது. தமிழ் படிப்பிக்கும் எனக்கு அந்த ஒரு மணித்தியாலம் அவமானம்தான்.

நகரத்து பஸ்களில் ஏறினால் ஒரு வாத்தியார் சும்மா இருக்க முடியாது. கண்ணில் படுகிற தமிழையெல்லாம் திருத்தத் தோன்றும். கர்ப்பிணித் தாய்மார்களுக்கு ஒதுக்கப்பட்ட ஆசனத்தின் மேலே 'தா' இருக்கவேண்டிய இடத்தில் 'நா' எழுதப்பட்டிருந்ததை ஒருமுறை கண்டேன். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சிவப்புப் பேனையை எடுத்துத் திருத்தத் தொடங்கினேன். கொண்டக்டர் பார்த்துவிட்டு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். தாய்மார் எந்தப் பிராணியாக மாறிவிட்டார்கள் என்பதை எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னதும் அந்த மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எழுதியவருக்குத் தமிழ் தெரியாது, ஒட்டியவருக்கும் தெரியாது. தெரிந்த நாங்கள் எத்தனை நாள் அதற்குக் கீழேயே இருந்து பிரயாணம் செய்தோமோ! அன்று என்னிடமிருந்து மிச்சக் காசைப் பிடிக்காமல் திருப்பித் தந்த ஒரே கொண்டக்டர் அவர்தான். மற்றவர்கள் 'இறங்கும்போது' என்பார்கள். இறங்கும்போது பஸ் நிற்காது. காலை நிலத்தில் ஊன்றுவதா காசைக் கேட்பதா என்ற கேள்விக்கு நமது கால்கள் தாமாகவே விடை சொல்லிவிடும்.

ஆனால் நான் எழுத நினைத்தது பைகளைப் பற்றி.

கொழும்பு பஸ்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆசனத்தில் இருப்பவர், பக்கத்தில் நிற்பவரின் பையை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொள்வார். 'தாருங்கள்' என்று கேட்பதுமில்லை, 'வைத்திருங்கள்' என்று கொடுப்பதுமில்லை. ஒரு கை நீளும், பை கை மாறும், அவ்வளவுதான். இருவரும் வேறு வேறு திசையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாடசாலை விடும் நேரங்களில் ஒருவர் மடியில் மூன்று புத்தகப் பைகளும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் ஏறிக் கிடக்கும். கந்தோருக்குப் போகும் பெண்ணின் சாப்பாட்டுப் பார்சலின் சூடு யாரோ ஒரு கிழவரின் தொடையைச் சுட்டுக்கொண்டிருக்கும். ஊரில் நாங்கள் பையை வாங்குமுன் ஆளை விசாரிப்போம்: யார் மகன், எந்தக் குறிச்சி, உம்மா வழியில் யார். கொழும்பு பெயரைக் கேட்பதில்லை. பையை மட்டும் வாங்கிக்கொள்ளும்.

முதல் பிரயாணத்தில் எனக்கு இது தெரியாது. புறப்படும்போது உம்மா, "கொழும்பில கள்ளனுகள் கூட மகன், பேக்கைக் கையால உட்றாதீங்க" என்று மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தார். 138ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டிருந்த என் பையை நோக்கி ஓர் அம்மாவின் கை நீண்டது. நான் பையை நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற பொடியனின் பையை வாங்கிக்கொண்டார். நுகேகொடைக்குப் போய்ச் சேர்வதற்குள் விஷயம் விளங்கிவிட்டது. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது. அவர் அதற்குமுன் இறங்கிவிட்டார்.

138 எனக்கு மனப்பாடமானது 2018ஆம் ஆண்டில். உம்மாவுக்கு வருத்தம் வந்தது அந்த வருடம்தான். எங்கள் பக்கத்தில் அந்த நோயின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. 'மகரகமைக்குப் போறாங்களாம்' என்பார்கள். கேட்பவர் 'யா அல்லாஹ்' என்பார். அதற்கு மேல் பேச்சு இருக்காது. புறக்கோட்டையில் ஏறினால் கொம்பனித்தெரு, நகர மண்டபம், பொது நூலகம், தும்முல்ல, கிருலப்பனை, நுகேகொடை, டெல்கந்த, மகரகம. உம்மாவுக்குக் 'கதிர்' பிடித்த அந்த வாரங்களில் இந்தப் பெயர்களை நான் தஸ்பீஹ் மணிகளைப் போல எண்ணியிருக்கிறேன். அந்நாட்களில் உம்மாவின் கிளினிக் கொப்பியும் எக்ஸ்ரே உறையும் பிளாஸ்க்கும் இருந்த பை எத்தனையோ மடிகளில் பிரயாணம் செய்தது. ஒருமுறை ஒரு பிள்ளைத்தாய்ச்சி, தான் இருந்த நிலையிலும், அதை வாங்கிக்கொண்டார். உம்மா அந்தப் பெண்ணின் தலையைத் தடவி ஏதோ ஓதினார். அவளுக்கு உம்மாவின் மொழி தெரியாது. குனிந்து கொடுத்தாள்.

பிறகு 2019 ஏப்ரல் 21 வந்தது. அந்த உயிர்த்த ஞாயிறைப் பற்றி இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை. ஏப்ரல் 29 முதல் முகத்திரை தடைசெய்யப்பட்டது. மே மாத நடுவில் மினுவாங்கொடையிலும் வடமேற்கின் பல ஊர்களிலும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. பாடசாலை வாசலில் பிள்ளைகளின் சோற்றுப் பெட்டிகளைத் திறந்து பார்க்கும் கடமை ஆசிரியர்களாகிய எங்களுக்கும் வந்தது. முதலாம் தவணையில் நான் கணக்குப் பார்த்த கொப்பிகளை இரண்டாம் தவணையில் தட்டித் தடவிப் பார்த்தேன்.

நோன்பு இருபது கடந்திருந்தது. உம்மாவின் பரிசோதனை அறிக்கையை எடுக்க நாள் குறித்திருந்தார்கள். "நீங்க வராதீங்க, நான் மட்டும் போய்ட்டு வாறன்" என்று உம்மாவிடம் சொன்னேன். மனைவியும் கூட வருவதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நீளக் காற்சட்டை, அரைக் கைச் சட்டை. என் முகத்தில் தாடி இருந்ததில்லை. தொப்பியை மடித்துப் பைக்குள், எக்ஸ்ரே உறைக்குக் கீழே வைத்தேன். வழமையாக அது சட்டைப் பையில் இருக்கும்.

புறக்கோட்டையில் எனக்கு ஆசனம் கிடைத்தது. யன்னலோரம் குடையோடு ஒரு முதியவர். என் பை என் மடியில். கொம்பனித்தெரு தாண்டும்போது பஸ் நிறைந்துவிட்டது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். நிறைந்த பஸ்ஸில் ஒருவர் மடியிலும் அடுத்தவர் பை இல்லை. நிற்பவர்கள் தங்கள் பைகளைத் தாங்களே தூக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் நீட்டவில்லை. ஒரு மாதத்துக்கு முன்வரை இருந்த வழக்கம் எந்த அறிவித்தலும் இல்லாமல் நின்று போயிருந்தது.

நகர மண்டபத்தில் ஒரு பெண் ஏறினாள். கறுப்பு அபாயா, முகம் திறந்திருந்தது, முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் பாரமான ஒரு துணிப் பை. நெரிசலில் அவளைச் சுற்றி மட்டும் ஒரு முழம் இடம் இருந்தது; அந்த இடத்தை யாரும் ஒதுக்கிக் கொடுக்கவில்லை, அது தானாக உண்டானது. நெருக்கம் அவளைத் தள்ளிக்கொண்டு வந்து என் ஆசனத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியது. மற்றவர்களை 'நங்கி', 'அம்மே' என்று அழைத்துக் காசு வாங்கிய கொண்டக்டர் அவளிடம் ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் நீட்டினார்.

பஸ் பிரேக் போடும்போதெல்லாம் அந்தப் பை என் தோளில் இடித்தது. நான் கையை நீட்டியிருக்கலாம். என் மடியில் இன்னொரு பைக்கு இடமிருந்தது. நீட்டவில்லை. நீட்டினால் பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், நான் யார் என்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன். இது அரைவாசிதான். மற்ற அரைவாசியை எழுதாவிட்டால் இந்தக் கட்டுரையை எழுதாமலே விடலாம். அந்தப் பைக்குள் என்ன இருக்கும் என்று நானும் நினைத்தேன். என் மனைவி உடுக்கும் அதே உடுப்பு, என் ராத்தாவின் முகச் சாயல், அப்படியிருந்தும் நினைத்தேன். பை தோளில் பட்டபோது அது மெத்தென்றிருக்கிறதா கனமாக இருக்கிறதா என்று என் தோள் பரிசோதித்தது.

கிருலப்பனைச் சந்தியில் ஒரு பெரிய குலுக்கல். பை என் காதில் பட்டது. "சமாவென்ன" என்றாள் அவள். மன்னிக்கவும் என்பதற்கான சிங்களம். "கமக் நே" என்றேன் நான். பரவாயில்லை. என் உச்சரிப்பு நல்லதாகவே இருந்தது. வீட்டில் ஒரே பாஷை பேசும் இரண்டு பேர் அப்படிப் பேசிக்கொண்டோம். அவளுக்கு நான் யாரென்று தெரியாது. எனக்குத் தெரியும்.

மகரகமவில் நான் இறங்க, அவளும் இறங்கினாள். நான் போன பாதையிலேயே எனக்கு முன்னால் நடந்தாள். வைத்தியசாலை வாசலில் பைகளைச் சோதித்தார்கள். அவள் தன் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே உறை, துவாய், பிளாஸ்க், ஒரு சீப்பு வாழைப்பழம், யாரோ ஒரு நோயாளிக்குரிய மடித்த சாரம். பிளாஸ்க்கின் மூடியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். கஞ்சி. அடுத்தது என் முறை. நானும் எடுத்து வைத்தேன். கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே உறை, அதன் கீழே தொப்பி.

அறிக்கை கொடுக்கும் மண்டபத்தில் வாங்குகள் எதிரெதிரே போடப்பட்டிருந்தன. அவள் முன் வரிசையில் இருந்தாள். நான் தூரத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேலானது. பிறகு தாதி ஒருவர் பெயரை வாசித்தார். உம்மாவின் பெயர், எங்கள் பகுதியின் பழைய பெண்களின் பெயர்களைப் போலவே, 'உம்மா' என்று முடியும். நான் எழும்பவில்லை. இரண்டாம் முறை உரக்க வாசித்தார். எழும்பினேன். அந்தப் பெண் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் கண்ட முகம் என்பது அவளுக்கு நினைவு வந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. பார்த்தாள், பிறகு கையிலிருந்த கொப்பியைப் பார்த்தாள்.

அறிக்கை நல்லதாக இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். நோன்பு திறந்தபின் உம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "பஸ்ல கரைச்சல் ஒண்டும் இல்லியே மகன்?" என்று கேட்டார். "இல்ல உம்மா" என்றேன்.

உம்மா இன்றும் இருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மகரகமைக்குப் போய் வருகிறோம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் ஒரு தவணை தவறியது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் 17 ரூபாவாக இருந்த ஆகக்குறைந்த பஸ் கட்டணம் ஜூலையில் 40 ரூபாவுக்குப் போனது. அப்போது பஸ்ஸின் படியில் தொங்கியவர்களுக்கு யாருடைய உடுப்பையும் பார்க்க நேரமிருக்கவில்லை. பைகள் எப்போது மறுபடி கை மாறத் தொடங்கின என்று யாராவது கேட்டால் என்னால் நாள் சொல்ல முடியாது. ஒரு நாள் பார்த்தேன், மாறிக்கொண்டிருந்தன.

போன தவணை உம்மாவை யன்னலோரம் இருத்திவிட்டு நான் பக்கத்தில் இருந்தேன். தும்முல்லவில் வெள்ளை உடுப்பில் ஒரு பாடசாலைப் பொடியன் ஏறினான். நான் கையை நீட்ட முன்பே பையைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டான். கல்லை அடுக்கியதுபோல் பாரம். உம்மா பையைத் தொட்டுப் பார்த்து, "என்ன மகன் இது, இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு புத்தகமா?" என்றார். பாடத்திட்டத்தைப் பற்றி உம்மாவுக்கு விளங்கப்படுத்திக்கொண்டே போனேன். நுகேகொடையில் அவன் பையை இழுத்தெடுத்துக்கொண்டு இறங்கினான். என் முகத்தை அவன் பார்க்கவில்லை.