இரண்டாவது கேபிள்

குடியாத்தத்தில் எனக்கு ஒரு நண்பர் உண்டு, கைலி வியாபாரி. தெருவுக்கு இந்தப் பக்கம் கடை, அந்தப் பக்கம் கிடங்கு. இரண்டிலும் கம்ப்யூட்டர்கள். கடையில் ஒரு ஸ்விட்ச் பெட்டி, கிடங்கில் ஒன்று. நடுவே ஒரே ஒரு கேபிள். போன மழைக்காலத்தில் அதை எலி கடித்துவிட்டது.

"இன்னொரு கேபிளும் போட்டு வையுங்களேன்!" என்று யோசனை சொன்னவன் நான்தான். நாவல் எழுதுகிறவனுக்கு யோசனை சொல்ல என்ன செலவு?

போட்டார்கள். அடுத்த நிமிஷமே அத்தனை கம்ப்யூட்டர்களும் ஸ்தம்பித்துவிட்டன. அன்று சனிக்கிழமை. வாரக்கூலி வாங்க நெசவாளர்கள் வாசலில் காத்திருந்தார்கள். யாருக்கு எவ்வளவு என்ற கணக்கோ உள்ளே சிறைப்பட்டுக் கிடந்தது. "மளிகைக் கடை சாத்திடுவாங்களே, ஐயா" என்று ஒரு பெரியவர் என்னிடமே முறையிட்டார். என்னால் தலை நிமிர முடியவில்லை.

நண்பரின் மகன் புதுக் கேபிளைப் பிடுங்கினான், உயிர் வந்தது. "எல்லாருக்கும்னு ஒரு சேதி வந்தா, ஸ்விட்ச் அதை வந்த வழி தவிர மத்த எல்லா வழியிலும் அனுப்பும், மாமா. வழி ரெண்டானா, ஒண்ணுல போய் இன்னொண்ணுல திரும்பும். நிறுத்த ஆளில்லாம சுத்திக்கிட்டே இருக்கும்" என்றான்.

இதற்கு மருந்து கண்டவர், அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் வேலை பார்த்த ரேடியா பெர்ல்மன் என்ற பெண்மணி; வருஷம் 1985. 'ஸ்பானிங் ட்ரீ' என்பது அதன் பெயர். பெட்டிகள் தமக்குள் பேசி ஒன்றைத் தலைமையாக ஏற்கும். மிகையான வழியை அடைத்து வைக்கும். முதல் வழி அறுந்தால் அடைத்ததைத் திறக்கும். பழைய முறையில் அதற்கு அரை நிமிஷத்துக்கு மேல் பிடிக்கும். 2001-இல் வந்த முறையில் சில விநாடிகளே. நண்பரின் மலிவுப் பெட்டிகளுக்கு இந்த வித்தை தெரியாது. தெரிந்த பெட்டிகளை வாங்கினார்.

அத்துடன் நிம்மதியாகத் தூங்கிவிடலாமா? 2002 நவம்பரில் பாஸ்டன் நகரத்து பெத் இஸ்ரேல் மருத்துவமனையில், வலை அளவுக்கு மீறி வளர்ந்து இந்த ஏற்பாடே நிலைகுலைந்தது. டாக்டர்கள் சில நாட்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள்.

பையனைக் கேட்டேன்: "இரண்டு கேபிளும் எந்த வழியாகப் போகின்றன?"

"ஒரே குழாய்லதான், மாமா."

எலிக்கு இரட்டை விருந்து! 2021-இல் கௌண்டன்ய நதியின் வெள்ளத்தைக் கண்ட ஊர் அது. ஒரே தாழ்வில் இரண்டு தரைப்பாலம் கட்டினால் இரண்டும் சேர்ந்தே மூழ்கும் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. புதுக் கேபிள் வேறு வழிக்கு மாறியது.

மறு சனிக்கிழமை, கூலி கொடுக்கும் நேரத்திலேயே, பையன் பழைய கேபிளைப் பிடுங்கிச் சோதித்தான். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கணக்கு ஒரு கணம் தயங்கி, மேலே ஓடியது. அந்தப் பெரியவர் பணத்தை எண்ணி மடியில் செருகிக்கொண்டு புறப்பட்டார். கேபிளைப் பிடுங்கியது அவருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதற்குத்தானே இத்தனை பாடும்!