இந்த வேலைக்கு என்ன பேர்?

ஜூன் 3, 2025, செவ்வாய்

காலை எட்டரைக்குக் கிளினிக் ஷட்டரைத் தூக்க வந்தபோது வாசற்படியில் ஒரு தாயும் மகளும் காத்திருந்தார்கள். வெள்ளிமலைக்கும் அப்பால் அவர்கள் ஊர். இருட்டோடு கிளம்பி, பஸ் பிடித்து, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வந்து இறங்கியிருக்கிறார்கள். மகள் ஏழாம் வகுப்பு. மூன்று வாரத்துக்கு முன்பு அவளுக்கு மேல் வரிசையில் கம்பி போட்டது நான்தான். துண்டால் வாயைப் பொத்தியிருந்தாள். திறக்கச் சொன்னதுமே கண் கலங்கிவிட்டது.

வலது கடைவாய்ப் பல்லில் ஒட்டிய டியூபுக்குப் பின்னால் கம்பி இரண்டு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு நின்றது. கன்னத்தின் உட்புறம் மிளகு அளவுக்குப் புண். முதலில் போடும் நிக்கல் டைட்டேனியம் கம்பி 0.014 அங்குலம்தான், மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல். கோணலாக நிற்கும் பற்களுக்கிடையே அது வளைந்து வளைந்து போயிருக்கும். பல் நேராக நேராக வளைவு குறையும், மிச்சக் கம்பி பின்பக்கம் வழுக்கி வரும். சிகிச்சை நன்றாக நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் குத்துகிற வலி.

கம்பியின் நுனியை வெட்ட அரை நிமிஷம் ஆனது. வெட்டிய துண்டைத் தொண்டைக்குள் விடாமல் பிடித்துக்கொள்ளும் கட்டர் அதற்கென்றே இருக்கிறது. அந்த அரை நிமிஷத்துக்காக ஒரு நாள் கூலியும் இரண்டு பேர் பஸ் காசும் போயிற்று.

"நாலு நாளா சோறு எறங்கல டாக்டரம்மா. அவ மாமன் கட்டிங் பிளேயரை எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. நாந்தான் வேணாம்னுட்டேன்."

என்னிடம் வேலை பார்க்கும் பெண் கேட்டாள்: "கம்பி போட்ட அன்னிக்கு மெழுகு குடுத்தேனே அக்கா, வெக்கலியா?"

"வெச்சிருக்கேம்மா. சாமி மாடத்துல பத்திரமா இருக்குது."

நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மெழுகு டப்பாவைக் கொடுத்தோம், குத்தும் கம்பி மேல் அதை எப்படி வைப்பது என்று காட்டித்தரவில்லை.

ஜூன் 5, வியாழன்

என்னிடம் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். கல்வராயன் மலைக்காரி, மலையாளி எனும் பழங்குடிச் சமூகம். பிளஸ் டூ முடித்துவிட்டு நான்கு வருஷத்துக்கு முன்பு வந்து சேர்ந்தாள். அந்த மலையில் ஜாகீர் முறை 1976இல்தான் முடிவுக்கு வந்தது. அவள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் இவள். கூட்டவும் துடைக்கவும் ஆள் வேண்டும் என்றுதான் எடுத்தேன். இன்று நான் கையை நீட்டினால், எந்த பிளையர் என்று சொல்லாமலே கைக்கு வருகிறது. ஆட்டோகிளேவ், பல் அளவு எடுக்க மாவு கலப்பது, மோல்டு ஊற்றுவது, போட்டோ எடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. யாரும் சொல்லித்தந்ததில்லை, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள்.

இவளுக்குச் சட்டத்தில் என்ன இடம்? 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம் மூன்று பேருக்குத்தான் பதிவேடு வைத்தது: பல் மருத்துவர், ஹைஜீனிஸ்ட், மெக்கானிக். ஹைஜீனிஸ்டுக்கும் மெக்கானிக்குக்கும் இரண்டு வருஷப் படிப்பு. பல் சுத்தம் செய்வது ஒருவர் வேலை, பல் செட்டு செய்வது இன்னொருவர் வேலை. கம்பிச் சிகிச்சைக்கென்று படித்த உதவியாளர் என்ற நாற்காலி அந்த அறையில் போடப்படவே இல்லை.

பிரிட்டனில் போட்டிருக்கிறார்கள். ஆர்த்தோடான்டிக் தெரபிஸ்ட் என்று பேர். முதல் வகுப்பு 2007இல் லீட்ஸ் நகரில் தொடங்கியது. ஏறக்குறைய ஒரு வருஷம்: முதலில் சில வாரம் வகுப்பும் ஆய்வக வேலையும், அப்புறம் ஒரு நிபுணரின் மேற்பார்வையில் கிளினிக்கிலேயே பயிற்சி, கடைசியில் ராயல் கல்லூரிகளின் டிப்ளமோ தேர்வு. கம்பியைப் பிடித்துக்கொள்ளும் பிராக்கெட்டைப் பல்லில் ஒட்டலாம், மருத்துவர் எழுதித்தந்தபடி கம்பி மாட்டலாம், கழற்றலாம், பல் அளவு எடுக்கலாம். செய்யக்கூடாதவையும் அதே அழுத்தத்தோடு எழுதப்பட்டிருக்கின்றன. நோயைக் கண்டறிந்து சொல்லக்கூடாது, சிகிச்சைத் திட்டம் போடக்கூடாது, மரத்துப்போக ஊசி போடக்கூடாது, பல்லை நகர்த்தும் விசையைக் கம்பியில் தானாக ஏற்றக்கூடாது. நான் திரும்பத் திரும்பப் படிப்பது இந்த இரண்டாவது பட்டியலைத்தான். எங்கே கையை எடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்களிடம்தான் பிள்ளையின் வாயை நம்பி ஒப்படைக்க முடியும்.

நம் பக்கம் பல இடங்களில் நடப்பது வேறு. படிக்காத, பதிவில்லாத பெண்கள் சத்தமில்லாமல் கம்பி மாற்றுகிறார்கள். மருத்துவர் அடுத்த நாற்காலியில் இருப்பார். தவறு நடந்தால் பழி அந்தப் பெண் மேல், சரியாக நடந்தால் அவள் பேர் எங்கும் இல்லை. என் கிளினிக்கில் வாய்க்குள் கம்பி வேலையை அவளுக்கு நான் கொடுப்பதில்லை. கொடுக்க எனக்கு உரிமை கிடையாது. ஆனால் கற்றுக்கொடுக்க யாரும் தடை சொல்லவில்லையே. அடுத்த வாரச் சனிக்கிழமையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஜூன் 14, சனி, இரவு

பேஷன்ட் எல்லோரும் போன பிறகு பரணிலிருந்து என் பழைய டைபோடான்டை எடுத்தேன். இரும்புத் தாடை, மெழுகு ஈறு, அதில் வேரோடு புதைத்த உலோகப் பற்கள். எம்.டி.எஸ். மூன்று வருஷத்தில் முதல் சில மாதங்கள் எனக்கு இதனோடும் கம்பி வளைப்பதோடும்தான் கழிந்தன. விரல் நுனியெல்லாம் காய்த்துப்போகும்.

பல்லைக் கோணலாக நட்டுவைத்து அவளிடம் கொடுத்தேன். ஒவ்வொரு பிராக்கெட்டின் ஓர் இறக்கையிலும் ஒரு வண்ணப் புள்ளி இருக்கும், அது ஈறுப் பக்கம், பின்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். அது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. உயரம் தெரியவில்லை. உயரம் அளக்கும் கேஜை எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன்: நடுப்பல்லில் வெட்டு விளிம்பிலிருந்து நாலு மில்லிமீட்டர், அடுத்த பல்லில் மூன்றரை. குனிந்து, மூச்சை அடக்கி, பத்துப் பல்லுக்கும் ஒட்டினாள். முக்கால் மணி நேரம். கம்பியை மாட்டி ரப்பர் வளையம் போட்டோம். பாத்திரத்தில் வெந்நீர் வைத்து டைபோடான்டை உள்ளே இறக்கினேன்.

மெழுகு இளகியதும் பற்கள் நகர ஆரம்பித்தன. ஒன்றரை வருஷத்தில் ஒரு பிள்ளையின் வாயில் நடப்பது கண்ணெதிரே சில நிமிஷத்தில் நடந்தது. நான்கு வருஷமாகப் பக்கத்தில் நின்றவள், பல் நகர்வதை இன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தாள். பாத்திரத்தின் மேல் குனிந்தவள் நிமிரவேயில்லை.

வெளியே எடுத்து வைத்தால் எல்லாம் வரிசையாக நிற்க, வலது பக்கம் இரண்டாவது பல் மட்டும் பக்கத்துப் பல்லைவிட நீளமாக இறங்கியிருந்தது. கேஜை வைத்துப் பார்த்தாள். பிராக்கெட் அரை மில்லிமீட்டர் ஈறுப் பக்கம் ஏறியிருந்தது. கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ஏத்தி ஒட்டினா பல்லு எறங்குது மேடம்."

இதைப் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் படித்தும் புரியாமல் சீனியர்களிடம் திட்டு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

எட்வர்ட் ஆங்கிள் 1900இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் இந்தத் துறைக்கென்று முதல் பள்ளியைத் தொடங்கியபோது அது சில வாரப் படிப்பாகத்தான் இருந்தது. இன்று நிபுணர் என்று நாங்கள் போட்டுக்கொள்ளும் பட்டத்தின் வேர் அங்கே இருக்கிறது. கையும் காரணமும் சேர்ந்து கற்பித்தால் சில வாரமும் வீண்போகாது.

ஜூன் 25, புதன்

இன்று நடந்தது என் தவறு. எழுதிவைக்கிறேன்.

சங்கராபுரம் பக்கத்துப் பையன். பதினெட்டு மாதச் சிகிச்சை முடிந்து போன வாரம் கம்பியைக் கழற்றினேன். பல் பழைய இடத்துக்கே ஓடிவிடாமல் பிடித்துவைக்க ரிடெய்னர் வேண்டும். அன்று சாயங்காலம் அளவு எடுத்துவிட்டு ஒரு விசேஷத்துக்காகச் சீக்கிரம் கிளம்பிவிட்டேன். நான் போனதும் கரண்ட் போயிருக்கிறது. குமிழி வராமல் அளவுக்குள் ஸ்டோன் சாந்து ஊற்ற வைப்ரேட்டர் வேண்டும், கரண்ட் வரட்டும் என்று அவள் காத்திருந்தாள். அளவு காய்ந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டு வைத்தாள். காலையில் எடுத்து ஊற்றினாள். பார்க்க அழகான மோல்டு. லேபுக்கு அனுப்பினோம், ரிடெய்னர் வந்தது, இன்று பையன் வாயில் உட்கார மறுத்தது.

அளவு எடுக்கும் மாவான ஆல்ஜினேட் கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருள். வெளியில் வைத்தால் ஈரம் போய்ச் சுருங்கும், தண்ணீரில் போட்டால் உறிஞ்சி உப்பும். இரண்டிலும் அளவு மாறிவிடும். ஈரத்துணி சுற்றி மூடி வைத்தாலும் சீக்கிரம் ஊற்றியாக வேண்டும். வைப்ரேட்டர் இல்லாவிட்டால் கிண்ணத்தை மேசை விளிம்பில் தட்டித் தட்டி ஊற்றலாம். இதையெல்லாம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. "உடனே ஊத்திடு" என்று மட்டும் சொல்லியிருந்தேன். ஏன் என்று சொல்லாத இடத்தை அவள் தன் யோசனையால் நிரப்பிக்கொண்டாள். நல்ல யோசனைதான், காய்வதை மட்டும் தெரிந்துவைத்திருந்தவளுக்கு.

அவள் அழுதாள். பையனிடமும் அவன் அப்பாவிடமும் நான் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப அளவு எடுத்தேன். அதற்குள் முன்பல் ஒன்று மயிரிழை திரும்பியிருந்தது.

இரவில் அவள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்தாள். மூன்று பத்தியாகக் கோடு போட்டுத் தலைப்பு எழுதினாள்: நான் செய்யலாம். கேட்டுச் செய்யணும். தொடக்கூடாது. ஒவ்வொரு வரிக்கும் கீழே "ஏன்" என்று ஒரு கோடு. பிரிட்டனின் பட்டியலை நான் அவளிடம் சொன்னதேயில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் பல் பரிசோதனை. கோமுகி அணையைத் தாண்டி வளைவுகளில் ஏறும்போதே காற்று குளிர்ந்துவிட்டது. மலையில் மரவள்ளி பச்சென்று நின்றது. கடுக்காய்க்குப் பேர் போன மலை. அதைப் பொடித்துப் பல் துலக்கிய காலத்தைப் பற்றி, எங்களோடு வந்த அவள் பாட்டி வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார்.

ஆறாவது முதல் எட்டாவது வரை பார்த்தேன். ஒரே கதை. பால் பல் கடைவாய் சொத்தையாகி முன்கூட்டியே போயிருக்கும். "பால் பல்லுதானே, வுழுந்தா மொளைக்கும்" என்று விட்டுவிடுவார்கள். பின்னால் உள்ள பல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாயும். கடைசியாக வரும் கோரைப்பல் இடமில்லாமல் மேலே ஏறித் தெத்துப்பல்லாக நிற்கும். அந்த இடத்தைக் காத்துவைக்க, பால் பல் போன வயதிலேயே ஒரு சின்ன வளையக் கம்பி போதும். பன்னிரண்டு வயதில் என்னிடம் வந்தால் இரண்டு வருஷச் சிகிச்சை.

2013 முதல் நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் பள்ளிகளில் பார்க்கும் முப்பது குறைகளில் பல்லும் உண்டு. கண்டுபிடிக்க ஆள் இருக்கிறது. கண்டுபிடித்த பின் மாதாமாதம் பார்த்துக்கொள்ள மலையிலேயே ஆள் வேண்டும். நியூசிலாந்து 1921இலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பல் செவிலியர்களைப் படிக்கவைத்தது. இலங்கை அதைப் பின்பற்றி மகரகமவில் பள்ளிப் பல் சிகிச்சையாளர்களைப் பயிற்றுவித்து வருகிறது. பக்கத்துத் தீவில் முடிந்தது இந்த மலையில் முடியாதா?

நான் ஒரு பையனைப் பார்த்துக்கொண்டிருக்கையில் அவள் ஒரு சிறுமியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். "மேடம், பேர் எழுதும்போது பாத்தேன். இந்தப் பாப்பா வாயை மூடும்போது தாடை எடது பக்கம் நகருது. மறுபடி மூடச் சொன்னேன், மறுபடியும் நகருது."

பார்த்தேன். மேல் கடைவாய்கள் கீழ்ப்பல்லுக்கு உட்பக்கம் மாறிக் கடிக்கின்றன, அதனால் தாடை ஒதுங்குகிறது. வளரும் வயதில் விட்டால் முகமே ஒரு பக்கமாக வளர்ந்துவிடும். இப்போது பார்த்ததால் சரி செய்யலாம். அவள் நோய்க்குப் பேர் சொல்லவில்லை. கண்டதைச் சொன்னாள், கொண்டுவந்து விட்டாள். இதைவிடச் சரியாக ஒரு தெரபிஸ்ட் என்ன செய்துவிட முடியும்?

ஜூலை 16, புதன்

மனு எழுத உட்கார்ந்திருக்கிறேன். 2023இல் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. புது விதிகள் எழுதப்படும் காலம் இது. கேட்பதென்றால் இப்போதே கேட்க வேண்டும். பிளஸ் டூ படித்தவர்களுக்கு ஒரு வருஷப் படிப்பு. முதலில் கிருமி நீக்கமும் பல்லின் அமைப்பும், பிறகு டைபோடான்ட், பிறகு நிபுணரின் கண் முன்னால் நோயாளி. மலைப்பகுதிப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லா இடங்கள். எங்கள் மாவட்டம் பிறந்தது 2019 நவம்பர் 26இல். சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தாயிற்று. பத்துப் பேர் படிக்க இங்கே ஓர் அறை கிடைக்காதா?

தலைப்பில் மாட்டிக்கொண்டேன். தமிழில் இந்த வேலைக்கு என்ன பேர் எழுதுவது? அவளிடமே கேட்டேன்.

"ஜாதகத்துல 'தனியார் வேலை'ன்னு போட்டிருக்காங்க மேடம். ஊர்ல 'பல்லு டாக்டர்கிட்ட இருக்குற பொண்ணு'ம்பாங்க. நீங்களே ஒரு பேரு வையுங்க."

பல் சீரமைப்புச் சிகிச்சையாளர் என்று எழுதிக் காட்டினேன். எழுத்துக் கூட்டுவதுபோல் மெதுவாக ஒருமுறை படித்தாள்.

போன் அடித்தது. அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா. இந்த முறை இடது பக்கம் ஒரு பிராக்கெட்டின் ஓரம் உதட்டில் உரசுகிறதாம். நான் பேசக் கை நீட்டுவதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்: "சாமி மாடத்துலேருந்து அந்த டப்பாவை எடுக்கா. பாப்பாவைப் பல்லு வெளக்கச் சொல்லு. பஞ்சால பல்லு மேல ஈரத்தை ஒத்தி எடு, ஈரம் இருந்தா ஒட்டாது. பட்டாணி அளவு கிள்ளி ரெண்டு வெரலால உருட்டு, கைச்சூட்டுல எளகும். உருட்டிட்டியா? கம்பி மேல வெச்சு அமுக்கு... குத்துற எடத்துல ரத்தம் வருதா? வரலியா? சரி, லைன்லயே இரு, மேடம்கிட்ட கேட்டுச் சொல்றேன்."