தலைமன்னார் கோச்சி

கொழும்புக் கோட்டை நிலையத்தில் தலைமன்னார் இரவு வண்டியின் மூன்றாம் வகுப்பில் ஏறிப் பையை மேலே வைப்பதற்குள், எதிர் இருக்கையில் இருந்த பாட்டி கேட்டுவிட்டார்: "தம்பிக்கு எந்த ஊரு?"

ராமநாதபுரம் என்றேன். பக்கத்தில் தூங்கி வழிந்த பேரனைத் தட்டினார். "டேய், மண்டபத்துப் பக்கம்டா."

எங்கள் ஊரை மண்டபத்தை வைத்து அடையாளம் சொல்பவரை நான் அதுவரை சந்தித்ததில்லை. இந்தியாவுக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். "நான் எங்க போனேன்? எங்கக்கா போச்சு" என்றார். வண்டி நகர்ந்தது. வாசலில் இறால் வடைக்காரரின் குரல் கேட்டது. பாட்டி ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வருகிறார். அக்கா கப்பல் ஏறிய இடத்தை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

நான் போனதற்கும் காரணம் அதே பாதைதான். 1914-இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் பாதையும் சேர்ந்து திறந்தபோது, எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் காத்திருக்கும் ரயிலில் கொழும்பு போய்ச் சேரலாம் என்றானது. புறக்கோட்டைக் கடையொன்றில் கணக்கு எழுதிய என் தாத்தா அப்படித்தான் போய்வந்தார். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. 1980களில் அதுவும் நின்றது. எங்கள் பக்கத்து ரயிலை இன்னமும் போட் மெயில் என்றுதான் கூப்பிடுகிறோம். தாத்தா போன வழியின் மறுபாதியைப் பார்க்க மதுரையிலிருந்து விமானம் பிடித்து வந்திருந்தேன்.

பாட்டியின் அக்கா போனது வேறு மாதிரிப் பயணம். 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. மீந்த ஒன்றரை லட்சம் பேரைப் பத்து வருடம் கழித்து இன்னொரு ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. தேயிலைச் செடியைப் பார்த்தே வளர்ந்தவர்களை இப்படி எண்ணிப் பிரித்திருக்கிறார்கள். எனக்கு இன்றும் ஆறவில்லை.

"அத்தான் வீட்டுல இந்தியாவுக்குப் பதிஞ்சிருந்தாங்க. எங்கப்பா பதியல. பஞ்சம் வந்துச்சே, அதுக்கு முந்தின வருசம் அக்காவுக்குப் பாஸ்போட்டு வந்திருச்சு. எனக்கு அப்ப பன்னெண்டு வயசு."

மலையகத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு அங்கே ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். "கோச்சி நகருது, சனம் கூடவே ஓடுது. உள்ள இருக்கவங்க சன்னல் வழியா புடிச்ச கைய விடல. டேசன் முடியிற எடத்துல எங்கம்மா விழுந்துட்டாங்க. அந்தச் சத்தம்..." என்றவர் சற்று நிறுத்திக்கொண்டார். "அக்கா வளத்த கோழிய எங்கிட்ட விட்டுட்டுப் போச்சு. அது முட்ட வச்சா சொல்லி எழுதுன்னுச்சு. எந்த விலாசத்துக்கு எழுதுறது? ஆறு மாசங் கழிச்சுத்தான் மண்டபம் கேம்புல இருந்து கடுதாசி வந்துச்சு. அதுக்குள்ள கோழியே போயிருச்சு."

மண்டபத்திலிருந்து அக்காவைக் கூடலூருக்கு அனுப்பினார்கள். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே தமிழ்நாடு அரசு நீலகிரியில் உண்டாக்கிய தேயிலைத் தோட்டம், டான்டீ. அங்கேயும் கொழுந்துதான், அங்கேயும் லயம்தான். "அங்க அவள சிலோன்காரிங்கறாங்களாம். இங்க எங்கள இந்தியாக்காரங்கன்னு சொல்லுவாங்க. இதுல எந்த ஊருன்னு நான் என்னத்தச் சொல்ல?"

நடைபாதைப் பக்கத்து இருக்கையில் இருந்த இளைஞர் இதுவரை கைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நிமிர்ந்தார். கொழும்பில் வேலை, விடுமுறைக்கு எருக்கலம்பிட்டிக்குப் போகிறாராம். "உம்மாக்கிட்ட கேட்டா எருக்கலம்பிட்டிதான் எங்கட ஊர்ன்னுவா. நான் பொறந்தது புத்தளம் முகாமில. அங்க எங்களுக்கு அகதின்னு பேர். மன்னார்ல போய் இறங்கினா புத்தளத்தான்." 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்த முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவருடைய உம்மா தோணியில் கற்பிட்டிக்குப் போனவர். இந்தப் பாதையில் ரயில் நின்றதும் அதே வருடம்தான். போருக்குப் பிறகு இந்தியக் கடனில் தண்டவாளம் புதிதாகப் போட்டு, 2015 மார்ச் 14-இல்தான் ரயில் மறுபடி கடற்கரை வரைக்கும் போனது.

"அப்ப நீயும் எங்களாட்டந்தான்" என்ற பாட்டி, பொட்டலத்தைப் பிரித்துத் தேங்காய் ரொட்டியில் பாதியைப் பிய்த்துச் சம்பலோடு அவரிடம் நீட்டினார். எனக்கு மீதிப் பாதி.

மதவாச்சியில் பாதை யாழ்ப்பாணத்து வழியை விட்டுப் பிரிந்தபோது பெட்டி முழுக்கத் தூக்கம். செட்டிகுளம், மடு வீதி எல்லாம் இருட்டில் போயின. முருங்கன் தாண்டித்தான் வெளுத்தது. வயல், அப்புறம் உப்புத்தரை, அப்புறம் இரண்டு பக்கமும் கடல். ஆழமில்லாத நீரில் பூநாரைகள் நின்றன. மன்னாரில் தண்டவாளத்தின் ஓரத்தில் கழுதைகள். இளைஞர் பாட்டியிடம் "வாறன் அம்மா" என்று சொல்லி இறங்கினார். பேசாலையில் மீன்கூடைப் பெண்கள் இருவர் ஏறி, நான் இந்தியா என்று தெரிந்ததும், "உங்கட றோலர் போட்டுகள் மீனெல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போனா நாங்க என்னத்தத் தின்னுறது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவர்கள் இறங்கும்வரை நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

இறங்குதுறை நிலையத்தில் தண்டவாளம் முடிகிறது. கொஞ்ச தூரம் நடந்தால் வெளிச்சவீடு, இற்றுப்போன பழைய பாலம், கடல். பாட்டி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கப்பல் எங்கே நிற்கும் என்று கேட்டார். பாலத்தின் முனையைக் காட்டினேன்.

"அந்தப் பக்கம் எவ்வளவு தூரம்?"

"தனுஷ்கோடிக்கு முப்பது கிலோமீட்டர் இருக்கும், பாட்டி." ராத்திரி கடந்து வந்த மதவாச்சி இங்கிருந்து அதைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகமான தூரம்.

"இவ்வளவுதானா?" என்றார். நாள் கணக்கில் கப்பலில் போனார்கள் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தாராம். கையை நெற்றியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அழவில்லை. அலை காலை நனைத்தபோது சேலையைக்கூடத் தூக்கவில்லை.

திரும்பி நடக்கையில் பேரனிடம் கேட்டார்: "கொழும்புக்கு எந்தக் கோச்சிடா?"

"நாம வந்ததுதான் ஆயா. அதுதான் திரும்பிப் போவுது."

பாட்டி நின்றுவிட்டார். நிலையத்தில் நின்ற வண்டியைப் பார்த்தார்.

"இதேவா? ஆளுங்கள ஏத்திக்கிட்டா?"

"ஆமா ஆயா."

நம்பாதவர் போல் என் முகத்தையும் பார்த்தார். நானும் ஆமாம் என்றேன். அதன் பிறகுதான் செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டார்.